ஆற்று வளைவில் குத்திய ஊசி

ஒரு மனிதரை, அவருடைய தாய் புதைக்கப்படாத இடத்தில் விழுந்து கும்பிட வைத்தேன்.

முதல் தடவை தெரியாமல். இரண்டாம் தடவை தெரிந்தே. மூன்றாம் தடவை… அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன், நீங்கள் பாதியில் என்மேல் இரக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக. எனக்குப் பேச வரும். எதையும் எனக்குச் சாதகமாகத் திருப்பிச் சொல்ல வரும். அந்தத் திறமையைக் கொண்டுதான் இவ்வளவும் செய்தேன்.

நான் தர்ஷினி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். சுபாங் ஜெயாவில் வேலை. வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு உயிர் என்றால் பழைய வரைபடங்கள்தான்.

உங்களுக்குத் தெரியுமா, எங்கோ கடல் கடந்த நூலகங்கள் நம் ஊரின் பழைய நில அளவைத் தாள்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டு வைத்திருக்கின்றன! யாரிடமும் கெஞ்ச வேண்டாம். பெரிதாக்கிக்கொண்டே போகலாம். தாளின் மடிப்பு தெரியும். யாரோ ஒரு துரை தேநீர்க் கோப்பையை வைத்த வட்டக் கறை தெரியும். நாம் சிவப்பு விளக்கில் சலித்து நிற்கும் நாற்சந்தி, அங்கே வெறும் ரப்பர்க் காடு. நாம் நாசி லெமாக் சோறு வாங்கும் கடை, அங்கே சதுப்பு. பகலுணவு இடைவேளை முழுவதும் அதிலேயே கிடப்பேன். கண் எரியும். மனம் மட்டும் பறந்துகொண்டிருக்கும்…

பார்ப்பதோடு நிற்கவில்லை. அந்த நூலகத் தளம் ஒன்றில், என்னைப் போன்றவர்கள் பழைய தாளை இன்றைய நிலத்தோடு பொருத்தித் தரலாம். வேலை எளிது. பழைய தாளில் ஒரு பாலம். இன்றைய செயற்கைக்கோள் படத்தில் அதே பாலம். இரண்டிலும் ஊசி குத்துவதுபோல் ஒரு குறி வைக்க வேண்டும். இப்படி நான்கைந்து ஊசிகள் குத்தினால், பழைய தாள் இன்றைய ஊரின்மேல் துணி போல விரிந்து படிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தத் தாளில் இருக்கும் எதையும், கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்க் காணலாம்.

இதில் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித் தருவது ஒன்றே ஒன்று: ஆற்றில் ஊசி குத்தாதே. ரயில் பாதையில் குத்து, குன்றின் உச்சியில் குத்து. ஆறு இடம் மாறும். மாற்றியும் விடுவார்கள்.

நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா!

நிவேதா என் கல்லூரித் தோழி. பண்டமாரானில் வீடு. அவளுடைய அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரை நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். தீபாவளிக்கு முன்னால் எல்லாரும் தங்கள் வீட்டுக் கல்லறைகளைப் பார்க்கப் போவார்களே, புல் செதுக்கி, சாயம் பூசி, படையல் வைத்து… அந்த நாளில் அவர் மட்டும் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாராம். அவர் சிறுவனாக இருந்தபோதே அம்மா போய்விட்டார். புதைத்த தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. ரப்பர் மரம் போயிற்று, குடியிருந்த லயம் போயிற்று, மயானமும் போயிற்று.

இதைக் கேட்ட நான் சும்மா இருப்பேனா? மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

"அங்கிள், தோட்டத்துப் பேரு என்ன?"

"வெள்ளக்காரன் வச்ச பேரு எவனுக்குத் தெரியும்? நாங்க மணிக்கூண்டுத் தோட்டம்னு சொல்லுவோம். சுபாங் பக்கம்."

"வேற ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

அவர் கொஞ்ச நேரம் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரயிலு. பொதைக்கிறப்ப ரயிலு கூவிக்கிட்டுப் போச்சு. நான் அழுவுறத நிறுத்திட்டு வாயத் தொறந்து அதப் பாத்துக்கிட்டு நின்னேன். எங்க சின்னம்மா மண்டையில ஒண்ணு வச்சாங்க. ஆத்தாள பொதைக்கிறாங்க, உனக்கு ரயிலு கேக்குதான்னு…" சிரிக்கப் பார்த்தார். "அந்த அடி சரியான அடிம்மா. எனக்கு வேணும்."

"அப்பா, சின்னப் புள்ள லா அப்போ நீங்க," என்றாள் நிவி.

"சின்னப் புள்ளதான். ஆனா பாத்தேனே."

ரயிலையும் சுபாங்கையும் வைத்துத் தேடினேன். தாள் கிடைத்தது. தோட்டத்து அலுவலகத்தின் அருகே மணிக்கூண்டு என்று எறும்பு எழுத்தில் ஆங்கிலம். அதற்குக் கிழக்கே, புள்ளிக்கோட்டால் சூழப்பட்ட ஒரு சிறு கட்டம். இந்துக் கல்லறை.

திரையைத் தொட்டார் அவர். விரலால் அல்ல, புறங்கையால். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல்.

"இது இப்ப எங்கம்மா இருக்கு?"

அந்தத் தாளை அதுவரை யாரும் பொருத்தியிருக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளுக்கு மேலாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, நான் ஊசி குத்தத் தொடங்கினேன். ரயில் பாலம் ஒன்று. ஒரு முச்சந்தி. ஒரு குன்று. இன்னொன்று வேண்டும்… வேறு எதுவும் அகப்படவில்லை. ஆறு மட்டும் அழகாக வளைந்து கிடந்தது. இன்றைய படத்திலும் ஒரு வளைவு இருந்தது. குத்தினேன்.

ஊசிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தளம் காட்டிக் கொடுத்துவிடும். காட்டியது. ஆற்று வளைவும் முச்சந்தியும் குன்றும் கைகோத்துக்கொண்டன. ரயில் பாலம் மட்டும் சிவப்பாக எரிந்து, "நான் இங்கே இல்லை" என்றது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நிறுத்தியிருக்க வேண்டும். "இரண்டு நாள் பொறுங்கள் அங்கிள், சரிபார்த்துச் சொல்கிறேன்" என்றிருக்க வேண்டும். ஆனால் அவர் மூச்சு என் காதருகே! நிவி என்னையே ஒரு மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை இரண்டு நாள் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

ரயில் பாலத்தின் ஊசியைப் பிடுங்கினேன். சிவப்பு மறைந்தது. தாள் வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தியது.

"இங்கதான் அங்கிள்," என்றேன்.

ஒரு பூப்பந்து மண்டபத்தின் பின்னால், பெரிய சாக்கடை ஓரமாக, யாரும் கட்டடம் எழுப்பாத ஒரு புல்தரை. அந்தத் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் போனோம். கைப்பேசியில் நீலப்புள்ளி நகர நகர, நான் முன்னால் நடந்தேன். நின்றேன். அவர் செருப்பைக் கழற்றினார். பிறகு, வெட்டிப்போட்ட மரம்போல் மண்ணில் சரிந்தார்.

எழுந்தபோது ஒன்று கேட்டார்.

"ரயிலு சத்தமே கேக்கலியேம்மா?"

"தண்டவாளத்த மாத்தியிருப்பாங்க அங்கிள்."

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள்! யோசிக்கவே இல்லை. அன்று அது பொய் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன்… அதற்கு என்ன பெயர், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டின் நடுவில், அதற்குப் பக்கத்துத் தாளைப் பொருத்த உட்கார்ந்தேன். இரண்டு தாள்களும் சேரும் ஓரத்தில் ரயில் பாதை ஒடிந்து நின்றது. முறிந்த எலும்பைப்போல். எதிரே ஒரு கிலோமீட்டர் தள்ளி அதன் மறுபாதி கிடந்தது.

பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. ஆற்றை நிமிர்த்தி வெட்டிப் புதுக்கால்வாயாக்கியிருக்கிறார்கள். அதன் ஓரமாகவே புதிய முச்சந்தி. நான் குன்று என்று குத்தியதுகூட வெட்டிய மண்ணைக் குவித்த மேடு. நான் நம்பிய மூன்றும் பின்னால் வந்தவை. நான் பிடுங்கி எறிந்த ரயில் பாலம் ஒன்றுதான் நகராமல் இருந்தது.

சரியாகக் குத்திப் பார்த்தேன். கல்லறைக் கட்டம் புல்தரையை விட்டு எழுந்து, வீடுகளைத் தாண்டி, பெருஞ்சாலையைத் தாண்டி, ஒரு பேரங்காடியின் மேல் போய் உட்கார்ந்தது.

எந்தப் பேரங்காடி? நான் பகலுணவுக்குப் போகும் பேரங்காடி! நான் கார் நிறுத்தும் இடம்!

அன்று மாலை அங்கே போனேன். நிலத்தடி வாகன நிறுத்தத்தின் இரண்டாம் அடுக்கு. எண்ணெய்க் கறை, மஞ்சள் கோடுகள், தூணில் ஒரு பழப்படம், வண்டியை நிறுத்திய இடம் மறக்காமல் இருப்பதற்கு. கைப்பேசிக்கு அங்கே அலை இல்லை. நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று தரை லேசாக நடுங்கியது. ரயில்! மிக அருகே. தலைக்கு மேலே எங்கோ அது கடந்து போனது.

இவ்வளவு ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள் என்றால், இங்கே இருந்த மண் இப்போது இங்கே இல்லை. லோரிகளில் ஏற்றிக் கொண்டுபோய் எங்கோ கொட்டியிருப்பார்கள். அங்கிளைப் போன்ற ஒருவர்தான் ஓட்டியிருப்பார்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இதோ, உங்களுக்கும் தோன்றுகிறதல்லவா, இவள் இரக்கத்தால்தான் மறைத்தாள் என்று? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பல மாதங்கள் அந்த எண்ணத்தைப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். ஆனால் அன்றிரவே நான் வேறொன்று செய்தேன். தளத்துக்குப் போய், தவறான பொருத்தத்தை அழித்து, சரியானதை ஏற்றினேன். கீழே குறிப்பும் எழுதினேன்: "முந்தைய பொருத்தம் தவறு. ஆற்று வளைவை நம்பியது என் பிழை. பயன்படுத்தியவர்கள் மன்னிக்கவும்."

முகம் தெரியாத பயனர்களிடம் மன்னிப்பு! யாராவது நிபுணர் வந்து என் பிழையைக் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம். என் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். பண்டமாரானில் ஒருவர் என்னை நம்பிக்கொண்டிருப்பது அந்தப் பயத்தில் சேரவில்லை. அவர் கணினியைத் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் தீபாவளி வந்தது. போனேன்.

இந்த முறை அங்கிள் புதுச் சேலை ஒன்று வாங்கி வந்திருந்தார். மயில்கழுத்து நிறம், மெல்லிய சரிகை. வாழையிலை விரித்து, வடையும் சர்க்கரைப் பொங்கலும் வெற்றிலையும் வைத்து, சேலையை மடிப்புக் கலையாமல் ஒரு தட்டில் வைத்தார். கற்பூரம் கொளுத்துமுன் நிவி என் பக்கம் திரும்பினாள்.

"இங்கதானே தர்ஷி? நல்லாப் பாத்துச் சொல்லு."

"இங்கதான்டி."

"ஷுவரா?"

"ஷுவர் லா!"

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து தீப்பெட்டியை எடுத்தாள். வெயில் கண்ணில் படுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

படையல் முடிந்ததும் அங்கிள் அந்தச் சேலையை எடுத்து என்னிடம் நீட்டினார். இறந்த பெண்ணுக்கு வைத்த சேலையை வீட்டுப் பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். மகள் நிற்கிறாள் பக்கத்தில்!

"நிவிக்குக் குடுங்க அங்கிள். நான் எப்படி…"

"அவளும் நீதான் வாங்கணும்னு சொல்லிட்டா. எங்கம்மா குடுக்குறாங்க, வாங்கிக்க. நீ இல்லன்னா அவங்க அனாதையா கெடந்திருப்பாங்க."

இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினேன். இடம் தெரிந்த நான்! வாங்கினேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, வரைபட ஆர்வலர்கள் கூடும் ஒரு சிறு நிகழ்ச்சியில் பேசச் சொன்னார்கள். ஒரு தாயின் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்த கதையைச் சொல்லுங்கள் என்றார்கள்; முதல் ஆண்டே அதை அவர்களிடம் பெருமையடித்து வைத்திருந்தேன். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அந்தத் தலைப்போடு என் படத்தைப் போட்டு ஓர் அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் சுற்றியது.

மறுநாள் நிவி பிரிக்பீல்ட்ஸுக்கே வந்துவிட்டாள். என் வீட்டுக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். வழக்கமாக அவள்தான் முதலில் ரொட்டி சொல்வாள். அன்று சொல்லவில்லை.

"பாஸ், தே தாரிக் ரெண்டு," என்றேன் நானே.

கடைக்காரர், "என்ன தங்கச்சி, இன்னிக்கு ரெண்டு பேரும் மௌன விரதமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நிவி கைப்பேசியை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினாள். அழைப்பிதழ்.

"மேடையில எந்த எடத்தக் காட்டப் போற?" என்றாள். "பழசையா, புதுசையா?"

எனக்குப் பேச வரும் என்றேனே… அப்போது வரவில்லை.

"ஜொகூர்ல இருக்குற சித்தப்பாவுக்கு லிங்க் அனுப்பலாம்னு போன தீபாவளிக்கு முன்னாடி அந்த வெப்சைட்டுக்குப் போனேன். பழைய மாத்தமெல்லாம் அதுல அப்படியே இருக்கு. உன் பேரோட, தேதியோட." தேநீரைத் தொடாமல் பேசினாள். "உலகத்துக்கே மன்னிப்பு கேட்டிருக்கியேடி. எங்கப்பாகிட்ட மட்டும் உனக்கு வாயில்ல."

"எல்லாம் தெரிஞ்சுகிட்டேயா போன தடவ வந்தே?"

"தெரிஞ்சுகிட்டுதான். கேட்டேனே, நல்லாப் பாத்துச் சொல்லுன்னு. அப்பா மண்ணுல விழுந்து கும்பிட்டாரு, நீ அவரைப் பாத்துக்கிட்டு நின்ன. நான் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னேன். சேலை வாங்குறப்பவாச்சும் சொல்லிருவேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் உனக்குக் குடுக்கச் சொன்னேன்."

நம்புவீர்களா, எனக்குக் கோபம் வந்தது! எனக்கு! என் நெருங்கிய தோழி, எல்லாம் தெரிந்து, என்னை ஒரு பூச்சியைக் கண்ணாடிக் குவளைக்குள் கவிழ்த்துப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறாள்! அந்தப் பொங்கலை என் இலையில் அள்ளி வைத்தபோதும், காரில் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு வந்தபோதும்… எல்லாம் சோதனையா? எது நட்பு, எது பொறி? இன்றுவரை எனக்கு அது பிரித்துப் பார்க்க வரவில்லை.

"நீ மட்டும் என்ன யோக்கியம்?" என்று கேட்டேன். "நீயும்தானே அவருகிட்டச் சொல்லல!"

"ஆமா, சொல்லல. அந்தப் புல்லுல படுத்து எந்திரிச்சதுக்கு அப்புறந்தான் அவரு ரயிலு கதைய சிரிச்சிக்கிட்டே சொல்றாரு. நான் அவரு மக. அவருகிட்ட மறைக்கிறதா இருந்தாலும், அந்தப் பாவத்த நான் சுமப்பேன். உனக்கு யாருடி அந்த உரிமையக் குடுத்தா?"

என் கோப்பையை ஓரமாகத் தள்ளினேன்.

"நான் வேணா வந்து உண்மையச் சொல்லிடறேன் நிவி. இப்பவே வரேன்."

"எதச் சொல்லுவ? கார் பார்க்ல கெடக்குறாங்கன்னா? அங்கயும் இல்லன்னா?" அவள் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "சொல்ற நேரம் ஒண்ணு இருந்துச்சு. அத நீ தின்னுட்ட. இனிமே வாயத் தொறக்காத. ஆனா வராம மட்டும் இருந்திராத. வருசா வருசம் வா. வந்து நீயே காட்டு."

எழுந்து போய்விட்டாள். இரண்டு தேநீரும் மேலே ஆடை படிந்து ஆறிக் கிடந்தன.

நிகழ்ச்சிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதிலும் ஒரு பொய்.

நிவிக்கும் எனக்கும் இப்போது பேச்சில்லை. அவளுடைய அப்பாவின் முன்னால் மட்டும் பேசுவோம். நன்றாகவே பேசுவோம். கிண்டல்கூடச் செய்வோம். இரண்டு பேருக்கும் அது கைவந்துவிட்டது.

இந்த ஆண்டு அங்கிளே அழைத்தார்.

"தர்ஷினிம்மா, ஞாயித்துக்கிழம வந்திரு. அந்தச் சேலையக் கட்டிக்கிட்டு வாம்மா. நீ கட்டி நான் ஒரு தடவகூடப் பாக்கல."

எப்படிப் பார்ப்பார்? அது அலமாரியின் அடியில், வாங்கிய மடிப்போடு கிடந்தது. ஒவ்வொரு முறை துணி எடுக்கும்போதும் அந்த மயில்கழுத்து நிறம் கண்ணில் படாமலிருக்க, மேலே ஒரு போர்வையைப் போட்டு வைத்திருந்தேன்.

கட்டிக்கொண்டு போனேன்.

நகராட்சிக்காரர்கள் புதுவேலி போட்டுப் புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அடையாளம் வைத்திருந்த புதரைக் காணோம். அங்கிள் குழம்பிப்போய் நின்றார்.

"எங்கம்மா? நீ காட்டு."

பழக்கத்தில் கைப்பேசியைத் திறந்துவிட்டேன். அதில் இருந்தது நானே திருத்திய வரைபடம். கல்லறைக் கட்டம் திரைக்கு வெளியே, பெருஞ்சாலைக்கு அப்பால் எங்கோ இருந்தது. நான் நின்ற இடத்தில் வெறும் ரப்பர் மரப் புள்ளிகள். சரியான படம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்களும் போய்ப் பார்க்கலாம். கீழே என் மன்னிப்பும் இருக்கும்.

அணைத்துப் பைக்குள் போட்டேன். சாக்கடை ஓரத்திலிருந்து நினைவை வைத்து நடந்து, நின்றேன்.

"இங்கதான் அங்கிள்."

நிவி வாழையிலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

படையல் முடிந்தது. அவர் என்னைச் சேலையில் ஏற இறங்கப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையை நோக்கிச் சொன்னார்: "அம்மா, உன்னக் கண்டுபுடிச்ச புள்ள வந்திருக்கு பாரு. நல்லா இருக்கா?"

பிறகு வேலியோரத்திலிருந்து ஒரு மரக்குச்சியை எடுத்து வந்தார். முனையைத் தன் பேனாக்கத்தியால் கூராகச் சீவினார்.

"அடுத்த வருசம் சின்னதா ஒரு கல்லு வச்சிரலாம்னு இருக்கேன். பேரு மட்டும் போட்டு. எனக்கு வயசாயிருச்சு, எடம் மறந்துரும். நீ சரியாக் குறிச்சு ஊனிக் குடும்மா. உன் கையாலயே."

நான் நிவியைப் பார்த்தேன். இப்போது நிமிர்ந்திருந்தாள். சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை அந்தக் கண்களில். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குச்சியை வாங்கினேன். சேலை நுனி மண்ணில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண்டியிட்டேன்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. குச்சி தடையில்லாமல் இறங்கியது.